நம்பிக்கை இல்லாத நண்பரிடம் விசுவாசத்தைப் பகிர்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் எங்கள் வாலிபர் ஐக்கியத்தில் ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, வாசலில் நின்று பேசும்போது திரும்பத் திரும்ப வருகிற சந்தேகங்கள் இவை. கேட்பவர்கள் பெரும்பாலும் கல்லூரியிலோ ஐடி கம்பெனியிலோ இருக்கிற பிள்ளைகள். அவர்கள் சொல்லும் நண்பர் பெரும்பாலும் கடவுளே இல்லை என்பவர். சில சமயம் நம் சபையிலேயே ஓய்வுநாள் பாடசாலையில் வளர்ந்து, பிறகு விலகிப் போனவர். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே வைத்திருக்கிறேன். பதில்கள் என்னுடையவை. உங்கள் ஆயர் சில இடங்களில் வேறு மாதிரி சொல்லலாம், அவரையும் கேளுங்கள்.

அண்ணே, நான் எதுக்கு இதை அவன்கிட்டப் பேசணும்? அவன் பாட்டுக்கு இருக்கட்டுமே?

இருக்கட்டும், தப்பில்லை. ஆனால் உங்கள் வாழ்க்கையைத் தாங்கிப் பிடிக்கிற ஒன்றை நெருங்கிய நண்பரிடம் மூடி வைத்துக்கொண்டே பழகினால், அவர் பழகுவது உங்களில் பாதியோடுதான். அவருடைய காதல், கடன், வீட்டுச் சண்டை எல்லாம் உங்களுக்குத் தெரியும். உங்கள் ஜெபம் மட்டும் அவருக்குத் தெரியாது. அந்த அளவில்தான் இதைப் பேச வேண்டும் என்கிறேன்.

பேதுரு தன் முதல் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில், உங்களுக்குள் இருக்கும் நம்பிக்கையைப் பற்றி விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் மரியாதையோடும் பதில் சொல்ல ஆயத்தமாக இருங்கள் என்கிறார். கேட்கிறவர்களுக்கு என்பதைக் கவனியுங்கள். கேட்காதவர் காதில் போய் ஓதுவதற்கு அந்த வசனத்தில் இடம் இல்லை.

சரி, பேச்சை எப்படி ஆரம்பிக்கிறது? கைப்பிரதி கொடுக்கலாமா?

வேண்டாம். கைப்பிரதி பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாதவருக்கு நீட்டுவது. கூட உட்கார்ந்து சாப்பிடுகிறவரிடம் அதைக் கொடுத்தால், இத்தனை நாள் பழகியது இதற்குத்தானா என்றுதான் நினைப்பார்.

ஆரம்பம் என்று தனியாக ஒன்று தேவையே இல்லை. மறைக்காமல் இருந்தால் போதும். திங்கட்கிழமை காலையில் “நேத்து என்ன பண்ணின?” என்று கேட்பார். “சர்ச்சுக்குப் போனேன், யோபு கதையைப் பற்றிப் பேசினாங்க, எனக்கு ஒரு இடம் ஒத்துக்கவே முடியல” என்று உண்மையைச் சொல்லுங்கள். அவர் மேலே கேட்டால் பேச்சு வளரும். கேட்காமல் கிரிக்கெட்டுக்குப் போனால் நீங்களும் கிரிக்கெட்டுக்குப் போங்கள்.

தினமும் வாட்ஸ்அப்ல வாக்குத்தத்த வசனம் அனுப்புறேன். ப்ளூ டிக் மட்டும்தான் வருது.

நிறுத்திவிடுங்கள். ஐம்பது பேருக்கு அனுப்பியதில் தானும் ஒருவர் என்று அவருக்குத் தெரியும். அவருக்கென்று உட்கார்ந்து நாலு வரி எழுதினால் கட்டாயம் படிப்பார்.

அவன் பெரியார்வாதி. வாயைத் திறந்தாலே சண்டைதான் வருது.

சண்டை எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் கடவுள் இருக்கிறாரா என்பதில் தொடங்குவதில்லை. சாதியில் தொடங்கும், இல்லையென்றால் பெண்களை மதம் நடத்துகிற விதத்தில். பெரியார் 1925-இல் சுயமரியாதை இயக்கத்தைத் தொடங்கியபோது கேட்ட கேள்விகள் அவை. கோயிலுக்குள் ஒருவனை விடாத சாமி எதற்கு என்ற கேள்விக்கு, ‘எங்கள் மதத்தில் அப்படி இல்லை’ என்று நாம் சட்டென்று சொல்லிவிடுகிறோம். அவர் விவரம் தெரிந்தவராக இருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்வோம். நம் திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்தில், சாதி வாரியாக மக்களைப் பிரித்து உட்கார வைப்பதற்காகவே தேவாலயத்துக்குள் சுவர் இருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அது இடிந்தது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு நடுவிலும் சாதிச் சுவர். இன்றைக்கும் நம் வீடுகளில் ‘விசுவாசியாக இருக்க வேண்டும்’ என்று தொடங்குகிற வரன் விளம்பரம் அடுத்த வரியில் சாதியைப் போடுகிறது.

அதனால் அவர் சொல்வதில் சரியாக இருப்பதைச் சரி என்று முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். தந்திரமாக அதைச் செய்யச் சொல்லவில்லை. அது உண்மை, சொல்லித்தான் ஆக வேண்டும். தொழுநோயாளியைத் தொட்டவரும், சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் வாங்கிக் குடிக்கக் கேட்டவருமான இயேசுவைப் பின்பற்றுகிற நமக்கு அந்தச் சுவரைப் பற்றி அவரை விட அதிகக் கோபம் வர வேண்டும்.

அப்புறம், இரண்டு பக்கமும் பேசவே முடியாது என்று நினைக்காதீர்கள். குன்றக்குடி அடிகளார் சைவ மடாதிபதி. பெரியார் கடைசிவரை நாத்திகர். இருவரும் மதித்துப் பழகியதைத் தமிழ்நாடே பார்த்தது. பெரிய மனிதர்கள் வரை போவானேன், எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். கறுப்புச் சட்டைக்காரர், மோதிரத்தில்கூடப் பெரியார் படம். நான் வெளியூரில் வேலை பார்த்த காலத்தில் கிறிஸ்துமஸ் அன்று விடியற்காலை ஆராதனைக்கு என் அம்மாவை ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு போய் விட்டது அவர்தான். அம்மாவின் வேதப்புத்தகப் பையை முன்னால் கொக்கியில் மாட்டிக்கொண்டு, பனிக்கு அம்மா தலையில் துண்டு சுற்றிவிட்டு, ஆராதனை முடியும்வரை எதிரில் டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அவர் இன்றும் நம்பவில்லை. என் விசுவாசத்தைப் பற்றி என்னிடம் ஆழமாகக் கேள்வி கேட்பவரும் அவர்தான்.

“கடவுள் இருந்தா காட்டு”ங்கிறான். என்ன நிரூபணம் கொடுக்கிறது?

சோதனைச் சாலையில் வைத்துக் காட்டுகிற நிரூபணம் நம்மிடம் இல்லை. இருப்பதாக நடிக்க வேண்டாம். எதற்குச் சான்று உண்டு, எது விசுவாசம் என்பதைப் பிரித்துச் சொல்லுங்கள். இயேசு என்றொருவர் வாழ்ந்தாரா என்று கேட்டால் அதற்கு வரலாற்றில் பதில் உண்டு. கிறிஸ்தவர்களைப் பிடிக்காத ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ், கி.பி. 116 வாக்கில் எழுதும்போது, திபேரியு காலத்தில் பொந்தியு பிலாத்துவின் கையால் கிறிஸ்து கொல்லப்பட்டதைக் குறிப்பிடுகிறார். அவர் உயிர்த்தெழுந்தாரா என்றால், சீஷர்கள் அதற்காக உயிரைக் கொடுக்கத் துணிந்தார்கள் என்பதைச் சொல்லலாம், நான் அவர்களை நம்புகிறேன் என்று சொல்லலாம். அதற்கு மேல் அவரைக் கட்டாயப்படுத்த ஒன்றும் இல்லை.

அறிவியல் பக்கம் போனால் கவனம் தேவை. பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-இல் எழுதிய ஜார்ஜ் லெமேத்ர் பெல்ஜிய நாட்டுக் கத்தோலிக்கக் குரு. நம் ஆட்கள் இதை எடுத்துப்போய் ‘பார்த்தாயா, விஞ்ஞானமே நம் பக்கம்’ என்று அடிப்பார்கள். ஆனால் தன் கோட்பாட்டை வைத்துப் படைப்பை நிரூபிக்க வேண்டாம் என்று நினைத்தவர் அந்தக் குருதான். விசுவாசமும் அறிவியலும் ஒரே மனிதருக்குள் இருக்க முடியும் என்பதற்கு அவர் உதாரணம். கடவுள் இருக்கிறார் என்பதற்கு அவரை ஆதாரமாக்க முடியாது. தெரியாத கேள்வி வந்தால் ‘தெரியல, படிச்சுட்டுச் சொல்றேன்’ என்று சொல்லுங்கள். சொன்ன மாதிரி படித்துவிட்டும் போங்கள்.

சாட்சி சொல்லணும்னா பெரிய அற்புதம் நடந்திருக்கணுமா? எனக்கு அப்படி ஒண்ணும் நடக்கல.

வேண்டியதில்லை. யோவான் 9-இல் பார்வை பெற்ற மனிதனைப் பரிசேயர் நெருக்கும்போது, அவன் தனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் சொல்கிறான்: குருடனாயிருந்தேன், இப்போது பார்க்கிறேன். மற்றதெல்லாம் தனக்குத் தெரியாது என்கிறான். உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். அரியர் வைத்துக்கொண்டு ராத்திரி தூங்க முடியாமல் ஜெபித்தேன், அரியர் அப்படியேதான் இருந்தது, ஆனால் தூக்கம் வந்தது என்றால் அது சாட்சிதான். கன்வென்ஷன் மேடையில் கேட்ட மாதிரி கூட்டிச் சொன்னால் உங்கள் நண்பர் உடனே கண்டுபிடித்துவிடுவார். உங்களை அவருக்குத் தெரியும்.

சுனாமியில வேளாங்கண்ணிக்கு வேண்டுதலுக்கு வந்தவங்களே செத்தாங்களே, அப்போ உங்க சாமி எங்க போச்சுன்னு அவ கேட்டா. எனக்கு வாயே வரல.

வாய் வராமல் இருந்தது நல்லது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். கடற்கரையில் இருந்த யாத்திரிகர்கள் நூற்றுக்கணக்கில் போனார்கள். அன்றைக்குக் கோயிலுக்குள் தண்ணீர் வரவில்லை, அது அற்புதம் என்று சொல்கிறவர்கள் உண்டு. தயவுசெய்து உங்கள் தோழியிடம் அதைச் சொல்லாதீர்கள். கட்டடத்தைக் காப்பாற்றிவிட்டுக் குழந்தையை விட்டுவிட்டவர் என்றுதான் அவர் காதில் விழும். அப்படி விழுவதில் நியாயமும் இருக்கிறது.

பாவத்தின் தண்டனை என்றும் சொல்லாதீர்கள். அதை இயேசுவே தடுத்திருக்கிறார். சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததைப் பற்றி லூக்கா 13-இல் பேசும்போது, அவர்கள் மற்றவர்களை விடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா, இல்லை என்கிறார். ஏன் நடந்தது என்ற காரணத்தை அவர் அங்கே சொல்வதில்லை. நானும் ஒரு காரணம் கண்டுபிடித்து உங்களிடம் கொடுக்க மாட்டேன்.

நான் பிடித்துக்கொண்டிருப்பது இதைத்தான்: லாசருவின் கல்லறை முன்னால் அழுதவரும், சிலுவையில் ‘ஏன் என்னைக் கைவிட்டீர்’ என்று கேட்டவருமே எனக்குக் கடவுள். துன்பத்துக்கு வெளியே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற ஒருவராக இருந்தால் நானும் உங்கள் தோழியின் பக்கம் போயிருப்பேன். இதை அவரிடம் சொல்லலாம். அவர் கேள்விக்கு இது முழுப் பதில் ஆகாது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

என் தோழியோட அப்பா ஐசியூவுல இருக்கார். இப்போ சொன்னா மனசு இளகும்ல அக்கான்னு எங்க குரூப் லீடர்கிட்ட ஒருத்தி கேட்டா. அது சரியா?

சரியில்லை. ஒருவர் உடைந்து கிடக்கிற நேரம் பார்த்து உள்ளே நுழைவதற்கு நான் சுவிசேஷம் என்று பேர் வைக்க மாட்டேன். ஒரு அரசு மருத்துவமனையில் நான் பார்த்தது இது. பெரியவர் ஒருவர் வெண்டிலேட்டரில் இருந்தார். வெளியே அவர் மகன் ரத்தம் ஏற்பாடு செய்ய ஃபோனில் அலைந்துகொண்டிருந்தான். விசிட்டிங் நேரத்தில் வந்த ஒரு ஜெபக்குழு அவனை நிறுத்தி, கண்ணை மூடச் சொல்லி, தலையில் கை வைத்துச் சத்தமாக ஜெபித்தது. அவன் கண்ணைத் திறந்தபடி கையிலிருந்த ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தான். ரத்தம் தர வந்தவர் அதற்குள் இரண்டு முறை கூப்பிட்டிருந்தார்.

செய்ய வேண்டியது ஏராளம் இருக்கிறது. ராத்திரி உங்கள் தோழிக்குப் பதில் வெளியே காத்திருங்கள். ஃப்ளாஸ்க்கில் பால், சார்ஜர், கொசுவத்தி, மாற்றுத் துணி, பார்மசி வரிசை. ‘உங்க அப்பாவுக்காக நான் ஜெபிக்கிறேன், இங்கே உன்கூட உட்கார்ந்து ஜெபிக்கட்டுமா?’ என்று ஒரு முறை கேட்கலாம். வேண்டாம் என்றால் வீட்டில் போய் ஜெபியுங்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் தப்பு செய்தது வாயைத் திறந்த பிறகுதான்.

நிச்சயம் குணமாகும் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள், மருந்தை நிறுத்தச் சொல்லவே சொல்லாதீர்கள். மந்திர முறையில் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-லேயே மத்தியச் சட்டம் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், அந்த அப்பா இறந்துபோனால் உங்கள் தோழி முதலில் நினைத்துப் பார்ப்பது நீங்கள் கொடுத்த வாக்கைத்தான்.

பொங்கலுக்கு, கிடா வெட்டுக்கு எல்லாம் கூப்பிடுறான். போகலாமா?

போங்கள். விசுவாசம் இல்லாதவர் உங்களை விருந்துக்குக் கூப்பிட்டால், போக மனதிருந்தால் வைத்ததைச் சாப்பிடுங்கள் என்று பவுல் முதலாம் கொரிந்தியர் 10-இல் எழுதுகிறார். படைத்தது என்று சொல்லிக் கொடுத்தால் உங்கள் மனசாட்சிப்படி செய்யுங்கள். வேண்டாம் என்றால் அவர் அம்மாவின் முகம் வாடாதபடி சொல்லுங்கள். நம் சபையில் அசனம் நடக்கும்போது அவர் நம்மோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று ஆசைப்படுகிறோம், இல்லையா?

சர்ச்சுக்கு வர்றேன்னு அவனே சொல்லிட்டான்! எந்தக் கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போறது?

எழுப்புதல் கூட்டத்துக்கு வேண்டாம். கையை உயர்த்து, முன்னால் வா என்று மேடையிலிருந்து அழைக்கும்போது அவர் பொறியில் மாட்டியது போல உணர்வார். சாதாரண ஞாயிறு ஆராதனை போதும். அசனப் பண்டிகை இன்னும் நல்லது. அங்கே சாம்பார் வாளி தூக்க எல்லாருக்கும் வேலை உண்டு.

போகும் முன்பே நடைமுறையைச் சொல்லிவிடுங்கள். எப்போது எழுந்திருப்போம், காணிக்கைப் பை வரும்போது அவர் போட வேண்டியதில்லை, நற்கருணைக்கு எழுந்து வர வேண்டியதில்லை, பிடிக்கவில்லையென்றால் நடுவில் வெளியே போகலாம். கடைசி வரிசையில் நீங்களும் கூடவே உட்காருங்கள். இன்னொன்று: ‘இன்றைக்கு ஒரு நாத்திகத் தம்பி வருகிறார்’ என்று ஆயரிடம் முன்னாலேயே சொல்லி வைக்காதீர்கள். பிரசங்கம் அவர் பக்கம் திரும்பிவிடும்.

இப்படிப் பேசுறதே சட்டப்படி தப்புன்னு பயமுறுத்துறாங்களே?

நண்பரிடம் உங்கள் நம்பிக்கையைப் பேசுவது தப்பில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு மனசாட்சிச் சுதந்திரத்தையும், மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமையையும் தருகிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்ட உரிமை அது. பரப்பும் உரிமை என்பது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று ஸ்டெயின்ஸ்லாஸ் வழக்கில் 1977-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டில் 2002-இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவரப்பட்டு, 2004-இல் திரும்பப் பெறப்பட்டது. உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், குஜராத் போன்ற மாநிலங்களில் இப்படிப்பட்ட சட்டங்கள் இருக்கின்றன. அங்கே வேலைக்குப் போகிறவர்கள் உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பணம், வேலை, பள்ளி சீட், மிரட்டல் எதுவும் நடுவில் வரக் கூடாது. சட்டம் இல்லாத ஊரிலும் வரக் கூடாது.

அவன் ஞானஸ்நானம் எடுக்கணுங்கிறான். எஸ்சி சர்டிபிகேட் போயிடுமா?

இதை மறைக்காமல் சொல்ல வேண்டியது உங்கள் கடமை. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி முதலில் இந்துக்களுக்கு மட்டும் இருந்தது. 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்னும் வெளியேதான். கிறிஸ்தவரானால் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார். அந்த இட ஒதுக்கீடு உண்டு. ஆனால் எஸ்சி ஒதுக்கீடும் தனித் தொகுதியும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் போகும். பழங்குடியினர் தகுதிக்கு இந்த மத நிபந்தனை இல்லை.

சாதிக் கொடுமை மதம் மாறினாலும் கூடவே வருகிறது என்பதற்கு மேலே சொன்ன சுவர்களே சாட்சி. அதனால் இந்த ஆணை அநியாயம் என்பது என் உறுதியான எண்ணம். அதற்காக ‘ரகசியமா ஞானஸ்நானம் எடுத்துக்கோ, சர்டிபிகேட்டை மாத்தாதே’ என்று சொல்லிக் கொடுக்க வேண்டாம். 2024 நவம்பரில் புதுச்சேரி வழக்கு ஒன்றில், கிறிஸ்தவ விசுவாசத்தில் இருந்துகொண்டு ஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வதை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. விலை என்ன என்று அவருக்கு முழுதாகத் தெரியட்டும். வீட்டில் பேசட்டும். எத்தனை வருடம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும்.

“இனிமே இதைப் பத்திப் பேசாதே”ன்னு முகத்துக்கு நேரா சொல்லிட்டான். அவன் ஆத்துமா என்ன ஆகும்னு எனக்குப் பயமா இருக்கு.

பேசாதே என்றால் பேசாதீர்கள். ஜாடையாகச் சொல்வது, பெருமூச்சு விடுவது, ‘உனக்காகத்தான் ஜெபிச்சுட்டு இருக்கேன்’ என்று வாரம் ஒருமுறை அறிவிப்பது எல்லாமே பேசுவதுதான்.

உங்கள் பயத்தை நான் லேசாக எடுக்கவில்லை. நானும் சிலருக்காக அந்தப் பயத்தோடு ஜெபிக்கிறேன். ஆனால் மனதைத் திறப்பது ஆண்டவருடைய வேலை என்று பாடிக்கொண்டே, அது நம் வாய்ச் சாமர்த்தியத்தில் இருப்பது போல நடக்கிறோம். கவிஞர் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை 1853-இல் சாயர்புரத்தில் மிஷன் பள்ளிக்குத் தமிழாசிரியராக வந்தபோது அழுத்தமான வைணவர். சுற்றிலும் கிறிஸ்தவர்கள். அவர் ஞானஸ்நானம் பெற்றது 1858-இல், சென்னையில். யாரும் அவரை அவசரப்படுத்தி அது நடக்கவில்லை. உங்கள் நண்பருக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்ல மாட்டேன். நடக்காவிட்டாலும் அவர் உங்கள் நண்பர்தான். அவர் மாறினால்தான் இந்தச் சிநேகம் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு இருந்தால், அதை இன்றைக்கே தள்ளிவிடுங்கள்.

அவன்கிட்டப் பேசிப் பேசி எனக்கே சந்தேகம் வந்துட்டா?

வரும். வந்ததும் ஓடி ஒளியாதீர்கள். மாற்கு 9-இல் நோயுற்ற மகனைக் கொண்டுவந்த தகப்பன், விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவும் என்று ஒரே மூச்சில் இரண்டையும் சொல்கிறான். இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை. சந்தேகத்தை உங்கள் ஆயரிடமோ நம்பகமான மூத்தவரிடமோ கொண்டுபோங்கள். நண்பரிடமும் ‘நீ கேட்டது என்னை ஆட்டிடுச்சு’ என்று சொல்லலாம். நிறைய பேர் அந்த இடத்தில்தான் முதல் முறையாக நம்மை நம்பிப் பேச ஆரம்பிக்கிறார்கள்.

“நான் உன் சர்ச்சுக்கு வந்தேன்ல, நீ எங்க கூட்டத்துக்கு வருவியா?”ன்னு கேட்கிறான். போகலாமா?

கட்டாயம் போங்கள். செப்டம்பர் 17 பெரியார் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டால் அன்றைக்கே போங்கள். அவர் உங்களோடு ஆராதனையில் உட்கார்ந்த அதே மரியாதையோடு கடைசிவரை உட்காருங்கள். நடுவில் ஃபோனை எடுக்க வேண்டாம், மறுப்பைக் குறித்து வைக்க வேண்டாம். இயேசுவைப் பற்றிக் கடுமையாக ஏதாவது சொல்வார்கள், வலிக்கும். நம் கூட்டங்களில் அவரைப் போன்றவர்களைப் பற்றிச் சொல்லப்படுவது அவருக்கு எப்படி வலித்திருக்கும் என்று அப்போது தெரியும். திரும்பி வரும் வழியில் அவர் கேட்பார். எது சரியென்று பட்டது, எதில் ஒப்பவில்லை, ஏன் ஒப்பவில்லை என்று மூன்றையும் அவரிடம் நேராகச் சொல்லுங்கள்.